ஏரிக்குள் ஓர் ஆஸ்பத்திரி

மழை வலுத்தால் முன்னாள் அமைச்சருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "பதவி போயும் உங்க அலைச்சல் போகல" என்று முணுமுணுத்தபடி மனைவி கதவைச் சாத்துவார். அவர் போவது வேறெங்கும் இல்லை, தாம் கட்டிய ஆஸ்பத்திரிக்குத்தான்.

ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் 'பாத்துக்கலாம்'. யார் என்ன குறையோடு வந்தாலும் அவர் வாயில் வரும் பதில் அது. பாதியை உண்மையாகவே பார்த்துக்கொண்டார். மலையோரத்து ஊர்களுக்குச் சாலை வந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி வந்தது. மச்சினன்மாருக்கு அரசாங்க வேலையும் வந்தது. அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் மனிதருக்குக் காது மந்தமாகிவிடும்.

பிரசவ வலி கண்ட பெண்கள் பக்கத்து மாவட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஊருக்குள்ளேயே ஆஸ்பத்திரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். கிடைத்த இடமோ வற்றிப்போன ஏரி. தண்ணீர் தன் வழியை மறக்காது என்று பொறியாளர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "மழை வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் இவர்.

வந்தது. பிரசவ வார்டில் கட்டில் கால்கள் மூழ்கின. பிள்ளை பெற்றவர்களை மேசைகளில் படுக்கவைத்துத் தூக்கிப்போனார்கள். பிறந்த குழந்தை ஒன்றை இவரே நெஞ்சோடு அணைத்து, வெளியே இடுப்பளவுத் தண்ணீரைக் கடந்தார். கரையில் நின்ற தகப்பன் குழந்தையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு சொன்னான்: "பிள்ளை பொறக்க இடம் குடுத்ததும் நீங்கதான், அதைத் தண்ணில விட்டதும் நீங்கதான்."

அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வினார். தோல்வி சீக்கிரமே ஆறிவிட்டது. அந்தச் சொல்தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஜெயித்தவர், பள்ளிக்கூடத்திலிருந்தே இவரோடு முட்டிக்கொண்டு வளர்ந்தவர். 'மீன் பிடிக்க ஆஸ்பத்திரி கட்டிய மகராசன்' என்று மேடைக்கு மேடை இவரைக் கிழித்தவர். ஆனால் கிழித்ததோடு நிற்கவில்லை. இந்தக் கோடையில் கட்டடத்தைச் சுற்றி ஆழமான கால்வாய் வெட்டி ஆற்றோடு சேர்த்துவிட்டார்.

போன வாரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இவர் போய்ச் சேர்ந்தபோது கால்வாய் கரைதொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நேராக வார்டுக்குள் எட்டு வைத்தார். தரை காய்ந்து கிடந்தது. தாய்மார்கள் அயர்ந்து தூங்கினார்கள். நர்ஸ் ஓடிவந்து இவருடைய கால்களைக் காட்டி, "ஐயா, இன்னைக்கு உள்ள தண்ணி கொண்டுவந்த ஒரே ஆள் நீங்கதான். வெளிய நில்லுங்க" என்றார். இவருக்குச் சிரிப்பு பொங்கியது. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார்.

வாசலில் கார் நின்றது. உள்ளே அந்தப் பழைய வைரி, முகமெல்லாம் கவலை. கண்ணாடியை இறக்கி, "உள்ள எப்படி?" என்றார்.

"ஒரு சொட்டு இல்ல."

அவர் நெடுமூச்சு விட்டுத் தலையசைத்தார். கார் போய்விட்டது.

கால்வாய் ஓரத்துக் கல்வெட்டில், அந்த வைரியின் பெயர்மேல் சேறு அப்பியிருந்தது. இவர் குனிந்து, கைக்குட்டையை எடுத்து, எழுத்து எழுத்தாக அதைத் துடைத்தார்.