என் பெயருக்குக் கொடுத்த மருந்துப்புட்டி

காலையில் தெருக்குழாயடியில் பார்த்தாலும் சரி, உச்சிவெயிலில் பார்த்தாலும் சரி, அடுத்த வீட்டுச் சீனத்தி என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சுடா மாக்கான்?" மலாயில், சாப்பிட்டாயா என்று அர்த்தம். பினாங்குக்கு வந்த புதிதில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊரில் பெண்ணிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. வீட்டு ஆண்கள் சாப்பிட்டார்களா என்றுதான் கேட்பார்கள். என் சட்டியை எட்டிப் பார்க்கிறாளோ என்று நினைத்து, வெறும் வயிற்றோடு "சுடா" என்று பொய் சொல்லி நகர்ந்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். மீனின் நடுத்துண்டு அவருக்கு, அடுத்தது மகனுக்கு. அடிச்சோறும் மிஞ்சிய குழம்பும் எனக்கு. இந்தச் சட்டத்தை அவர் போடவில்லை. ஊரிலிருந்து நானே மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அதாவது தாதி, என் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லை என்று ஒரு புட்டி சத்து மருந்து கொடுத்தாள். அதை வேளை தவறாமல் வீட்டுக்காரருக்கு ஊற்றிக் கொடுத்தேன். உழைக்கிற உடம்பு அவருடையது அல்லவா! அடுத்த மாதம் மிஸ்ஸி "ஹாபிஸ்?" என்றாள். தீர்ந்துவிட்டது என்று தலையாட்டினேன். குடித்தும் தேறவில்லையே என்று இன்னும் பெரிய புட்டியாகக் கொடுத்தாள். அதுவும் அவருக்கே போயிற்று.

ஒருநாள் குழாயடியில் விழுந்தேன். சீனத்திதான் ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஓடிவந்த வீட்டுக்காரரிடம் அங்கே வேலை பார்த்த தமிழ்ப்பையன் சொன்னான்: "ரெண்டு புட்டி மருந்து குடிச்சும் ரத்தம் ஊறலியாம் அண்ணே. பிரசவம் தாங்காதுன்னு மிஸ்ஸி சொல்றாங்க."

"அடிப்பாவி!" என்று அவர் என் பக்கம் திரும்பினார். "அது ஒனக்குக் குடுத்ததா? எனக்குன்னுல்ல நெனச்சுக் குடிச்சேன்!" சொல்லிவிட்டு அழுதார்.

அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அக்காவை நினைத்தேன். ஊரில் எங்கள் வீட்டோடு இருந்த அவளுக்கும் அத்தானுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. அத்தானை வண்டி கட்டி டவுன் வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். அக்காவுக்குக் கஷாயம். அத்தான் பிழைத்து மறுமணமும் செய்துகொண்டார். அக்கா போனதை அவள் தலையெழுத்து என்றார்கள். அந்த வண்டியில் இன்னொருவர் படுக்க இடமிருந்தது. எனக்குத் தெரியும், வைக்கோல் பரப்பியவள் நான்.

இரண்டு மாதம் ஈரலும் முட்டையும் மருந்துமாக விழுங்கினேன். பெண் பிறந்தாள், நானும் பிழைத்தேன். இப்போது உலை இறங்கியதும் முதலில் சாப்பிடுகிறவள் நான். 'புருஷனுக்கு முன்னால் சாப்பிடுகிறாயாமே, வெட்கமில்லையா?' என்று அம்மா கடிதம் எழுத வைத்திருக்கிறாள். இல்லை, அம்மா. அக்காவை அந்த வண்டியில் ஏற்றாததற்கு வெட்கப்படாத வீட்டின் முன்னால் நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? இதைப் படிக்கும் பெண்களே, நீங்களும் முதலில் சாப்பிடுங்கள். யார் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடுத்துண்டை என் தட்டில் வைத்ததும், கை தானாகப் பாதியைப் பிய்த்து ஓரத்தில் ஒதுக்குகிறது. அது ஊரில் பழகிய கை. பினாங்கில் பழகிய வாய் அதையும் எடுத்துத் தின்றுவிடுகிறது.