ஆறு வரி, நாலு நாள்

என் நாட்குறிப்பில் வெட்டித் திருத்திய பக்கம் ஒன்றும் இல்லை. யுத்த ஆண்டுகளில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு தினமும் எழுதினேன். மின்வெட்டு, சோதனைச் சாவடி, பாண் விலை எல்லாம் நேரத்தோடு பதிந்திருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் மட்டும் ஒரு பொலிஸ் படிவம் ஒட்டியிருக்கிறது. நான் எழுதியவற்றில் அதுவே மிக அழகானது. ஒருவருக்கும் பயன்படாததும் அதுதான்.

அதற்கு முந்திய வியாழன் பிற்பகல் 4.40க்கு மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தான். செவ்வாய் காலை பத்து மணிக்கு அவனுக்கு ஒரு தூதரகத்தில் விசா நேர்முகம். அதற்காக எட்டு மாதம் காத்திருந்தவன். தவறினால் இன்னொன்று கிடைக்கும் என்று நம்ப இடமில்லை. வெளியூரிலிருந்து யாராவது வந்து தங்கினால், வீட்டுக்காரர் படிவம் எழுதி உடனே பொலிஸில் கொடுக்க வேண்டும். ரவுண்டப் என்று பொலிஸார் விடியற்காலையில் வீடு வீடாகச் சோதிக்க வருவார்கள். பதிவில்லாத தமிழ் இளைஞன் அகப்பட்டால் பஸ்ஸில் ஏற்றுவார்கள்; எப்போது இறக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

படிவத்தில் நிரப்ப வேண்டியவை ஆறே ஆறு வரிகள்.

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் நான் எழுதுவினைஞன். சிங்களமும் படித்துத் தேறியிருந்தேன். என் சிங்கள எழுத்தின் வட்டங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை. மனைவியைக் கேட்டால் கொஞ்சமல்ல என்பாள். வெள்ளி மாலை வேலை முடிந்து வந்து, கைகழுவி, வரி சாயாமல் அடிமட்டம் வைத்து எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பேனாவைத் தூக்கும்போது வலது மூலையில் ஒரு சொட்டு மை விழுந்தது.

"அதுக்கென்ன, ஒத்தி எடுத்துப்போட்டுக் குடுங்கோ," என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரித் தாதி. மறுநாள் வேலைக்கு வெள்ளைச் சீருடையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"மை சிந்தின கடதாசியை நான் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை."

"பொலிஸ்காரன் உந்தப் படிவத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில மாட்டப்போறானோ?"

படிவத்தைக் கசக்காமல் நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். குப்பையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

சனி மத்தியானம் பொலிஸ் நிலைய வாசலில் புதிய படிவங்கள் வாங்கினேன். முன்யோசனையாக மூன்று. அன்று எழுதியதில் ஐந்தாம் வரி மயிரிழை கீழே இறங்கிவிட்டது. அடுத்த நாள் ஞாயிறு, ஓய்வுநாள். அன்று பேனாவைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டளை. சரியாகச் சொன்னால், என்னுடைய கட்டளை.

அந்த ஞாயிறு போதகர் வேலையைப் பற்றியே பிரசங்கித்தார். மேலதிகாரி பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், செய்வதை ஆண்டவருக்குச் செய்வதாக எண்ணித் திறமாகச் செய்ய வேண்டும் என்றார். ஆண்டவர் வேலை செய்த நாசரேத்துத் தச்சுப் பட்டறையிலிருந்து, உட்கார்ந்தால் கால் ஆடும் வாங்கு ஒன்றும் வெளியே போயிராது என்றார். எனக்கே நற்சான்றிதழ் எழுதியதுபோல இருந்தது.

"கேட்டனீரோ?" என்றேன் மனைவியிடம், வீட்டுப் படியேறும்போதே. "ஆடுற வாங்கு ஒண்டும் வெளியில போகேல்லையாம்."

"கேட்டனான். ஆனால் வாங்கு வெளியில போனது. முப்பது வயசு வரைக்கும் ஒரே வாங்கை அவர் சீவிக்கொண்டு இருக்கேல்லை."

உள்ளே இருந்த தம்பி சிரிப்பை மறைக்கத் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் முகத்தை விட்டான்.

திங்கள் மாலை 7.20க்குக் குறையில்லாத படிவம் பிறந்தது. மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு புத்தகம் வைத்தேன். காலையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவதாக ஏற்பாடு.

செவ்வாய் 5.15க்கு மனைவி வேலைக்குப் போனாள். 5.50க்கு ரவுண்டப் வந்தது.

புத்தகங்களை அகற்றிப் படிவத்தைக் காட்டினேன். வந்த பொலிஸ்காரர் எழுத்தைப் பார்க்கவில்லை, பொலிஸ் நிலைய முத்திரையைத் தேடினார். "முத்திரை இல்லாட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டு வாங்க," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். நேர்முகத்துக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டே அவன் போனான்.

"அத்தான், பத்து மணி," என்றான்.

நிலையத்தில் எனக்கு முன்னால் நீண்ட வரிசை. வழக்கமாக என் ஜெபங்கள் பந்தி பிரித்தவை. அன்று வரிசையில் நின்று செய்ததற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. 8.35க்குத்தான் சார்ஜன்ட்டின் மேசைக்கு வந்தேன். அவர் படிவத்தை வாசித்தார். நாங்கள் பேசியது சிங்களத்தில்.

"வியாழக்கிழமை பின்னேரம் நாலு நாற்பதுக்கு வந்தவர். இன்றைக்குச் செவ்வாய். இடையில இந்தப் பொடியன் என்ன செய்தான்?"

"அவன் ஒன்றும் செய்யவில்லை, சேர். நான் எழுதிக்கொண்டிருந்தேன்."

"இதையா?" விரலால் எண்ணினார். "ஆறு வரி. நாலு நாளா?"

பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். "இங்க வந்து பார். இவ்வளவு வடிவா எழுதுற ஆள் இந்த ஸ்டேஷனிலேயே இல்லை. ஆனால் இவர் ரிப்போர்ட் எழுதி முடிக்கிறதுக்குள்ள கள்ளன் பென்சன் எடுத்திடுவான்."

சிரித்துக்கொண்டே, அதைச் சேர்த்து வைப்பதற்காக எங்கள் ஒழுங்கை வீடுகளின் ஃபைலைப் பிரித்தவர் நிறுத்தினார். அங்கே எங்கள் விலாசத்தில், தம்பியின் பெயரோடு, இன்னொரு படிவம் கிடந்தது. நாலாக மடித்த தடம். வலது மூலையில் மைச்சொட்டு. என் கையெழுத்து. மேலே சனிக்கிழமை காலை முத்திரை.

"இது ஏற்கெனவே கிடக்குதே, மாத்தயா?" என்றவர் நெற்றியைத் தடவினார். "ஆ, வெள்ளை உடுப்பு நோனா! வேலைக்குப் போற வழியில தந்திட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினவ. மை கொட்டினதுக்கு மன்னிப்பும் கேட்டவ. மனுசனுக்குக் கை நடுக்கமாம்."

என் கையைப் பார்த்தார். அந்த நேரம் அது உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

9.05க்குத் தம்பியை விட்டார்கள். புதிய படிவத்தைச் சார்ஜன்ட் என்னிடமே திருப்பித் தந்தார், இரண்டு தேவையில்லையாம். முச்சக்கர வண்டியில் இரண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டி, 9.48க்குத் தூதரக வாசலில் இறங்கினோம்.

மனைவி மாலையில் வந்தபோது தம்பி எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டான். அவள் சீருடை மாற்றாமலே கதிரையில் இருந்து கேட்டாள்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லியிருந்தால் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்திருப்பியள். வேலை அவதியில மறந்திட்டன் எண்டு சொல்லலாம். ஆனால் மறக்கேல்லை. நீங்கள் சந்தோசமா எழுதிக்கொண்டிருந்தனீங்கள்."

"கை நடுக்கம் எண்டு பொய்யும் சொன்னனீராம்."

"அதுக்கு ஆண்டவரிட்டை மன்னிப்புக் கேட்டிட்டன். உங்களிட்டைக் கேக்க மாட்டன்."

தம்பிக்கு விசா கிடைத்தது. அவன் பறந்த அடுத்த மாதம் மனைவியின் பெரியப்பா மகன் எங்களிடம் தங்க வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் படிவத்தை எடுத்தேன். அவசரத்தில் நாலாம் வரியில் திகதி பிழையாய்ப் போனது. வெட்டித் திருத்தி, அதே பின்னேரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவி கூடவே வந்து முத்திரை விழுவதைப் பார்த்தாள்.

பிழையை வெட்டிய கோட்டை மட்டும் அடிமட்டம் வைத்துக் கீறியிருந்தேன்.