அப்பா வயிற்றில் வைத்த மாவிளக்கு

அப்பா மூச்சை இழுக்கும்போது விளக்கு மேலே ஏறியது. விடும்போது கீழே இறங்கியது. சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக் கூட்டம். அம்மன் சன்னதிப் பிராகாரத்தில் அப்பா மல்லாந்து படுத்திருந்தார். வயிற்றின்மேல் ஈரத்துணி, அதன்மேல் வாழையிலை, இலையில் பச்சரிசி மாவும் கருப்பட்டியும் பிசைந்து பிடித்த மாவிளக்கு. அதன் குழியில் நெய்த்திரி எரிந்துகொண்டிருந்தது. எனக்கு நாலு வயது இருக்கும். அம்மா இடுப்பில் இருந்தபடி சுடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை இரைச்சலும் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. அப்பா கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்தார். எனக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்பாவுக்கு மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கொஞ்சம் கரிசல் காடு உண்டு. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் வெறும் வெடிப்பு. வானத்தை நம்பிப் பிழைக்கிறவருக்கு ஆயுள் இன்சூரன்ஸ் பிடித்துப்போனதில் அதிசயமில்லை. தபசு முடிந்ததும் ஏஜெண்டு அண்ணாச்சி சைக்கிளில் வந்து பேசிப் பேசியே பாலிசி எடுக்க வைத்தார். ஏதாவது நோய் உண்டா என்று கம்பெனி கேட்டதற்கு அப்பா இல்லை என்று சொன்னார். அடுத்த வருஷம் பருத்தி வெடித்துக் கிடந்த சமயம், திடீரென்று அவருக்கு வயிற்றுவலி கண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே போய்விட்டார்.

கம்பெனியிலிருந்து விசாரிக்க ஓர் ஆள் வந்தார். ஏஜெண்டு அண்ணாச்சிக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. செத்தவரை உயர்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “பெரிய பக்திமான் சார். பாலிசி எடுக்கதுக்கு முந்தின தபசுல வயித்துல மாவிளக்கு வச்சுப் படுத்தாருல்லா!” என்று சொல்லிவைத்தார். எங்கள் பக்கத்தில் வயிற்றில் விளக்கு வைப்பது வயிற்று நோய்க்கு நேர்ந்துகொண்டவர்கள். அது போதாதா கம்பெனிக்கு? நோயை மறைத்து எடுத்த பாலிசி, செல்லாது என்று கைவிரித்துவிட்டார்கள். அந்தப் பணம் வராவிட்டால் காட்டை விற்றுவிட்டு, அம்மா தன் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அம்மா கோர்ட்டுக்குப் போனாள்.

முன்சீப் கோர்ட்டில் மேலே ஒரு பெரிய துணி விசிறி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வந்தது. சாட்சிக் கூண்டில் அம்மா முக்காடு போட்டு நின்றாள். உங்கள் புருஷன் வயிற்றில் விளக்கு வைத்தது உண்டா என்று கம்பெனி வக்கீல் கேட்டார். “உண்டும்யா” என்றாள். எங்கள் வக்கீல் முகம் செத்துப்போனது. அவரிடம்கூட அம்மா முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. “நோய் இல்லேன்னா எதுக்கும்மா வச்சாரு?” என்று முன்சீப்பே கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். “புள்ளைய வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கய்யா. சொல்லுதேன்.”

சித்தி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். ஜன்னல் திறந்துதான் கிடந்தது. அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. “அவுகளுக்கு ஒரு நோயும் இல்லய்யா. எம் மவளுக்குத்தான் வயித்துவலி. துடிச்சுக் கிடந்தா. சின்னப்புள்ள அசையாமப் படுக்குமா? அவளுக்குப் பதிலா அவுக படுத்தாக. அவ வலிய எனக்குக் குடுத்துரு தாயேன்னு கேட்டாக.”

அப்போது எனக்கு வைத்தியம் பார்த்த மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் வந்து, நோயாளி குழந்தைதான் என்று சாட்சி சொன்னார். பாலிசி செல்லும் என்று தீர்ப்பானது. காடு எங்களுக்கே நின்றது. ஊரே அம்மாவை மெச்சியது. எனக்கோ சோறு இறங்கவில்லை. வலி என்னை விட்டது. அப்பா வயிற்றுவலியில் செத்தார். இதற்கு மேல் எனக்கு யார் என்ன விளக்க வேண்டும்?

ஒருநாள் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் கேட்டேவிட்டேன். “என் வலிதான் அப்பாவுக்குப் போச்சாம்மா?”

அம்மா மடியிலிருந்த பஞ்சைக் கீழே கொட்டினாள். “இதுக்குத்தாம்ட்டி உன்னைய வெளிய அனுப்பச் சொன்னேன்” என்றாள். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். “கேட்டதையெல்லாம் அம்மன் குடுக்கிறவளா இருந்தா எனக்குல்லா மொதல்ல குடுத்திருக்கணும். உங்க அப்பாவுக்கு முந்தியே நானும்லா கேட்டேன்.”

அதைக் கேட்டபிறகுதான் எனக்குப் பசித்தது.

அம்மாவும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. போன ஆடியில் என் பேத்திக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். இந்த வயதில் உனக்கு எதற்கு இந்தப் பாடு என்று மகள் சத்தம்போட்டாள். என்னைத் தடுக்க முடியுமா? அதே பிராகாரத்தில் போய்ப் படுத்தேன். முதுகுக்குக் கீழே கல் குளிர்ந்தது. வயிற்றில் இலையை வைத்துத் திரியைக் கொளுத்தினார்கள். கருப்பட்டி வாசனை வந்தது. மூச்சை இழுத்தேன், விளக்கு மேலே ஏறியது. கேட்டதெல்லாம் கிடைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு, அப்பா கேட்டதையேதான் கேட்டேன்.