ஈரத்துணியும் எட்டுப் பட்டைகளும்

என் பைக் சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் துணி கிடக்கிறது. வண்டி துடைக்க வாங்கியது. அதைத் தொட்டாலே ஆனையூர் சமுதாயக் கூடமும், முதல் வரிசையில் தலை குனிந்த மதினியின் முகமும் நினைவுக்கு வந்துவிடும்.

பஸ் டிப்போவில் நான் டைம்கீப்பர். வாய்தான் என் ஒரே தொழில்கருவி. அதே டிப்போவின் ஃபிட்டர் அண்ணன் எனக்கு நேரெதிர், பேசமாட்டார். முப்பது வருஷ இன்ஜின் இரைச்சலில் அவருக்குக் காதும் பாதி போய்விட்டது. அப்படிப்பட்டவர், கழித்துப்போட்ட பஸ்ஸின் ஸ்பிரிங் வில்பட்டையை ஒரே நீளத்தில் எட்டுத் துண்டாக அறுத்து, அடிப்பக்கத்தை அரத்தால் தேய்த்து, தட்டினால் ச ரி க ம சொல்லும் வாத்தியம் ஒன்றைச் செய்தார். காதை நம்பாமல், போனில் சுதி காட்டும் முள்ளை நம்பிச் செய்தது. மேலே பார்க்க எட்டும் ஒன்றுபோலவே இருக்கும். அடையாளம், சாக்பீஸில் எழுதிய எண்கள்தான். "வீட்ல எந்நேரமும் இரும்பத் தட்டுறேன்னு உன் மதினி வையிறா தம்பி. ஒரு தடவ மேடையில வச்சு அவ கேட்டுட்டா போதும்" என்பார்.

போன வருஷம் ஆனையூர் சமுதாயக் கூடத்தில் கைவினை, கண்டுபிடிப்புக் கண்காட்சி நடந்தது. மேடையேறப் பத்து நிமிஷம் இருந்தது. அண்ணன் தன் மனைவியை முதல் வரிசையில் உட்காரவைக்கப் போயிருந்தார். வாத்தியம் பளபளக்கட்டுமே என்று, சாக்கிலிருந்து பட்டைகளை எடுத்து ஈரத்துணியால் துடைத்தேன். எட்டாவதையும் துடைத்த பிறகுதான், ஓர் எண்கூட மிச்சமில்லை என்பது மண்டையில் உறைத்தது. கழிவறை எங்கே என்று இரண்டு பேரிடம் விசாரித்தேன்; அம்புட்டுத் தைரியசாலி நான். பிறகு கைக்கு வந்த வரிசையில், கண்ணுக்கு மட்டும் அழகாக, பட்டைகளைச் சட்டத்தில் அடுக்கினேன். அண்ணன் வந்து பார்த்து, "நம்பர் எங்கடா?" என்றார். "வரிசையா வச்சிட்டுத்தாண்ணே அழிச்சேன். பார்க்க அசிங்கமா இருந்துச்சு." உண்மையைச் சொல்லியிருந்தால் போனை எடுத்து ஐந்து நிமிஷத்தில் சரிசெய்திருப்பார். என்னை நம்பினார்.

தட்டினார். ஏற வேண்டிய இடத்தில் இறங்கி, இறங்க வேண்டிய இடத்தில் எகிறி, மாடிப்படியில் தகரடப்பா உருண்டது போல ஒரு சத்தம். கூட்டம் சிரித்தது. அண்ணனை அறிமுகப்படுத்திய மைக் இன்னும் என் கையில் இருந்தது. பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது: "அண்ணனுக்குக் காது டிப்போலயே ரிட்டயர் ஆயிருச்சுங்க!" சிரிப்பு இரட்டிப்பானது. மதினி தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னது காதில் விழாத அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "என்னடா சொல்றாங்க?" என்று கேட்டார். "நல்லாருக்குன்னு சொல்றாங்கண்ணே." அவர் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எதையும் நக்கலடிக்கும் எனக்கு, அந்தக் கும்பிடைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு நக்கலும் வந்ததில்லை.

கண்காட்சி மறுபடியும் வருகிறது. போன வாரம் அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். எட்டுப் பட்டைகளும் தரையில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் எண்ணை இரும்பிலேயே பதித்திருந்தார், சுத்தியலால் ஆழமாக அடித்து. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"துணி வச்சிருக்கியாடா? இந்தத் தடவ நல்லா அழுத்தித் தொடச்சுவிடு."

மஞ்சள் துணியை எடுத்துவந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு எண்ணிலும் துணி மாட்டி மாட்டி நின்றது. எட்டாவதைத் துடைத்து முடித்ததும் அடுப்படிப் பக்கம் திரும்பி, "மதினி, ஒரு நிமிஷம் இங்க வாங்க. அன்னிக்குத் தப்பு அண்ணன் காதுல இல்ல" என்றேன்.