முதற் சனிக்கிழமை உறுப்பினர்

அவர்கள் இருவரும் முதன்முதலில் சந்தித்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டில், தென்மேற்குப் பருவமழை கொழும்பின்மேல் இறங்கத் தொடங்கிய மே மாதத்தில். நாடெங்கும் தட்டுப்பாட்டுக் காலம். கொட்டாஞ்சேனைச் சந்தியில் சமையல் காஸ் விற்கும் நிலையமொன்றின் முன்னால் வெற்றுச் சிலிண்டர்கள் மழையில் நனைந்தபடி நீண்ட வரிசையாக நின்றன. மனிதர்கள் கடைகளின் தாழ்வாரங்களில் ஒதுங்கி நின்று, தத்தம் சிலிண்டரைக் கண்ணாலேயே காவல் காத்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்துக்குப் பின்புறமுள்ள குறுகிய ஒழுங்கையில் அப்பக்கடை நடத்திவந்த பேர்ணடெற்றும் அவர்களுள் ஒருவர். கணவரை இழந்தபின் மகளை வளர்த்துக் கரைசேர்த்தது அந்தக் கடைதான். அதன் அடுப்பு அணைந்து பல நாள்கள் ஆகியிருந்தன.

அப்போது ஒல்லியான ஒருவர் நீண்ட இரும்புச் சங்கிலியொன்றைத் தோளில் சுமந்துகொண்டு மழைக்குள் இறங்கினார். சந்தியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்த பாயிஸ் அவர். எவரிடமும் கேளாமல், முதலாவது சிலிண்டரின் கைப்பிடியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சங்கிலியைக் கோத்து, முடிவில் பூட்டைப் போட்டு, திறப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இனி ஒருத்தரும் நடுவால பூர ஏலா. ஊட்டுக்குப் போங்க. லொறி வந்தா நான் கூப்புடுறன்."

"திறப்போட நீர் ஓடிப்போனா?" என்று பேர்ணடெற் கேட்டார்.

"இவ்வளவு இரும்பையும் இழுத்துக்கொண்டா ஓடுற, அன்டி?"

தாழ்வாரங்களில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வரிசைகளில் சிரிப்புக் கேட்பது அந்த ஆண்டில் அரிது. லொறி வந்தபோது பெரிய இடத்து வாகனமொன்று பின்கதவால் சிலிண்டர் ஏற்ற முயன்றது. பாயிஸ் அதன் முன்னால் போய் நின்றார், சத்தமிடவில்லை, சங்கிலியைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான். அன்று மாலை பேர்ணடெற்றின் அடுப்பு எரிந்தது. பாயிஸின் அரசியல் பிறந்ததும் அந்தச் சங்கிலியில்தான்.

மூன்று ஆண்டுகள் கழித்து மாநகர சபைத் தேர்தல் வந்தபோது கட்சியொன்று அவரைத் தேடிவந்து வேட்பாளராக நிறுத்தியது. வரிசையில் நின்றவர்கள் வாக்களித்தார்கள். பாயிஸ் வென்றார், ஒழுங்கைக்கு அன்றுமுதல் அவர் 'மெம்பர்' ஆனார்.

மெம்பரின் வேலை மாதந்தோறும் முதற் சனிக்கிழமையன்று வெளியில் தெரியும். காலையில் வட்டாரம் முழுவதையும் நடந்தே சுற்றுவார். அடைத்த வடிகால், எரியாத தெருவிளக்கு, அள்ளப்படாத குப்பை என்று ஆளுக்கொன்றாகச் சொல்ல, நின்று கேட்பார். இவற்றில் அவருக்குக் களைப்பில்லை. களைப்பு நண்பகலில் தொடங்கும். கட்சித் தலைமையகம் ஒவ்வொரு வட்டாரத்திடமிருந்தும் மாதம் ஒரு காணொளியைக் கேட்டது. துப்புரவான வடிகாலைக் காட்டினால் போதாது. நாடு மீண்டெழுகிறது என்பதற்கு அந்த வட்டாரத்திலிருந்து ஓர் அடையாளம் வேண்டும். அதுவும் ஒவ்வொரு மாதமும் புதிதாக வேண்டும்.

முதல் மாதம் அவர் யோசிக்கவே இல்லை. திருமணங்களுக்குப் படம்பிடிக்கும் தம் மச்சான் அஹ்ஸனை அழைத்துக்கொண்டு நேரே பேர்ணடெற்றின் கடைக்கு வந்தார். "அணைந்த அடுப்பு மீண்டும் எரிகிறது" என்ற தலைப்புடன் அந்தக் காணொளி ஊரெங்கும் சுற்றியது. அடுத்த வாரமே, அப்பச்சட்டியைக் கையில் ஏந்திச் சிரிக்கும் பேர்ணடெற்றின் முகம் ஒழுங்கையின் முகப்பில் பெரிய பதாகையாகத் தொங்கியது. காலையில் தேவாலயத்துக்குப் போகும்போதெல்லாம் தம் முகத்தின் கீழால் தலைகுனிந்து நடக்கவேண்டிய நிலை அவருக்கு வந்தது.

இரண்டாம் மாதம் ஒரு தையற்கடை அகப்பட்டது. மூன்றாம் மாதம் அடையாளங்கள் தீர்ந்துபோயின. பாயிஸ், பேர்ணடெற்றின் கடைக்கு எதிரே முடிதிருத்தும் சின்னராசாவிடம் போய் நின்றார்.

"நான் எப்ப, மெம்பர், கடையை மூடினனான், திரும்பத் திறக்கிறதுக்கு?" என்று சின்னராசா கத்தரிக்கோலும் கையுமாகக் கேட்டார்.

"ஒரு நிமிஷம் மூடிட்டுத் திறங்க, அண்ணே. அஹ்ஸன் எடுத்துக்கொள்ளட்டும்."

"உள்ளுக்க பாதி மயிரோட ஒரு மனுசன் இருக்கிறார் ஐசே!"

ஆயினும் மூடினார்; திறந்தார். பாதி முடியோடிருந்த வாடிக்கையாளர் காணொளியில் மகிழ்ச்சியாகக் கையசைத்தார்.

மீட்சி பொய்யன்று. துறைமுகத்து வாயிலில் கொள்கலன் லொறிகள் மறுபடியும் நெருக்கியடித்தன. பயணக் கப்பல்களில் வந்திறங்கியவர்கள் தேவாலயத்தின் முன்னால் தொப்பியணிந்து நின்றார்கள். முச்சக்கரவண்டிக்காரர்கள் வாடகை பேசும்போது முகத்தைத் திருப்பும் பழைய மிடுக்கைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஆனால் அந்த மீட்சி பேர்ணடெற்றின் கடைவழியே வரவில்லை. துறைமுகம் சுறுசுறுப்பானதும் தொழிலாளருக்கு உள்ளேயே உணவுச்சாலை திறந்தார்கள். லொறிகள் ஒழுங்கைப் பக்கம் நிறுத்தக்கூடாது என்று தடை வந்தது. பஞ்ச காலத்தில்கூடப் பாதி அப்பத்தைப் பங்கிட்டுத் தின்றவர்களுக்கு இப்போது அந்தப் பக்கம் வரவே வழியில்லை.

அதனால் செப்டெம்பர் மாதச் சனிக்கிழமையன்று பேர்ணடெற் சொல்லிவிட்டார்.

"தம்பி, நான் கடையை விடப்போறன். நீர்கொழும்பில மகள் ரொஷெலுக்கு நவம்பரில பிள்ளை பிறக்கப்போகுது. தலைப்பிள்ளை. போன வருசம் ஒண்டு தங்காமப் போனது உமக்குத் தெரியும்தானே. இந்த முறை நான் பக்கத்தில இருக்கவேணும்."

பாயிஸ் பதாகையை அண்ணாந்து பார்த்தார். "ஒங்கட படம் தொங்குற எடத்துல ஒங்கட கடை மூடி ஈந்தா, நாளைக்கே எதிர்க்கட்சிக்காரன் வந்து படம் எடுப்பான், அன்டி. அடுத்த மாசம் ஒரேயொரு தடவ. நல்லா, கடை நெறஞ்ச மாதிரி ஒரு வீடியோ. அதோட நானே பதாகைய எறக்கித் தாறன்."

கடை நிறைந்ததாகத் தெரிவதற்கு என்ன செய்யலாம் என்று அவர் ஒரு மாதம் யோசித்திருக்க வேண்டும். ஒக்டோபர் மாத முதற் சனிக்கிழமை காலையில் மாளிகாவத்தை மாடிக்குடியிருப்பிலிருந்து உறவினர்களையும் கட்சிக்காரரையும் கூட்டிவந்து, கடைவாசலிலிருந்து சுவரோரமாக நிறுத்தினார். வரிசை ஒழுங்காக நின்றது. வரிசை பிடிப்பது அவருக்குக் கைவந்த கலை அல்லவா? "இன்னும் கொஞ்சம் நீளம் வேணும் மச்சான்," என்று அஹ்ஸன் சொல்லச் சொல்ல, அது ஒழுங்கையைத் தாண்டிப் பெருந்தெருவுக்கு வந்துவிட்டது.

பெருந்தெருவில் போன முச்சக்கரவண்டியொன்று சட்டென்று நின்றது. சாரதி தலையை நீட்டி, "மொகத மே போலிம?" என்று கடைசியில் நின்றவரிடம் விசாரித்தார். எதற்காக இந்த வரிசை என்பதே கேள்வி. கடைசியில் நின்றவர் மாளிகாவத்தையிலிருந்து வந்த ஒரு முதியவர். "தன்னே நே மல்லி, இன்ன கிவ்வா," என்றார் அவர். தெரியாது தம்பி, நிற்கச் சொன்னார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்.

இந்த ஊரில் அதைவிட அச்சமூட்டும் பதில் இல்லை. சாரதி வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவருக்குப் பின்னால் நின்றார். அவரைக் கண்டு இன்னும் இருவர் நின்றார்கள். மேல்மாடி யன்னலிலிருந்து பார்த்த ஒரு பெண்ணின் தலை மறைந்தது. சற்று நேரத்தில் அவர் சிலிண்டரோடு படியிறங்கினார். அதன்பின் தெருவெங்கும் இரும்பு உருளும் ஓசை. நண்பகலுக்குள் கொட்டாஞ்சேனையிலிருந்த காஸ் நிலையங்களின் முன்னால் எல்லாம் கூட்டம். எரிபொருள் நிரப்பும் நிலையத்தில் போத்தல்களோடு வந்தவர்களுக்குள் சண்டை. பாயிஸ் சந்திக்கு ஓடிப்போய், "ஒன்னுமில்ல, அப்பம், அப்பத்துக்குத்தான் நிண்ட!" என்று தொண்டை வறளக் கத்தினார். அப்பத்துக்கு இவ்வளவு நீள வரிசை என்றால் மாவும் முடிந்துவிட்டதோ என்று சிலர் மளிகைக்கடைகளுக்கு ஓடினார்கள்.

பதற்றம் மாலையில் அடங்கியது. பேர்ணடெற்றின் மேல் விழுந்த சுமைதான் இறங்கவில்லை. கடைவீதிக்கு வருபவர்கள் அவருடைய அடுப்பை எட்டிப்பார்த்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. நீலச்சுவாலை தெரிந்தால், ஊரில் காஸ் இருக்கிறது என்று நிம்மதியாக நடப்பார்கள். ஒருநாள் கால்வலிக்காக வைத்தியரிடம் போய்ச் சற்றுத் தாமதித்துக் கடை திறந்தார். அதற்குள் வாசலில் சிலிண்டர்கள் வந்து நின்றன.

"மெழுகுதிரியை அந்தோனியாரிட்ட கொளுத்திப்போட்டு, நம்பிக்கையை உங்கட அடுப்பில வந்து பாக்குதுகள்," என்று சின்னராசா எதிரிலிருந்து சிரித்தார்.

பேர்ணடெற்றுக்குச் சிரிப்பு வரவில்லை. நீர்கொழும்பு பேருந்தில் ஏறினால் இறங்கிவிடும் தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க அவருக்கு ஒரு வாசல் திறக்கவில்லை. தொலைபேசியில் மகள், "எப்ப அம்மா வாறீங்கள்?" என்று கேட்கும்போதெல்லாம், "முதற் சனி முடியட்டும் மகள்," என்றே சொன்னார். மெம்பரும் அதையே சொல்லியிருந்தார். நவம்பர் முதலாம் திகதியன்று தலைமையகத்திலிருந்து ஒரு பெரியவர் நேரில் வந்து, கடையில் இருந்து அப்பம் உண்பார், வரிசை கிடையாது, வதந்தி அன்றோடு ஒழியும், பதாகையும் இறங்கும் என்று.

பாயிஸும் மெலிந்துபோயிருந்தார். சந்தியிலிருந்த அவருடைய திருத்தகத்தின் கதவு இப்போது பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. பிறர் தொலைபேசிகளைத் திருத்தியவர், தம் தொலைபேசி மணியடித்தால் அதைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டார்.

"இதை விட்டுப்போட்டுப் போகலாமே தம்பி?" என்று பேர்ணடெற் ஒருநாள் கேட்டார்.

"எங்க போற? ரோட்டுல எறங்கினா எல்லாருக்கும் நான் மெம்பர். ஊட்டுல ஈந்தா ஜெஸீமா கேக்குறா, கடையத் தொறந்தா என்ன என்டு. தொறந்தா, மெம்பருக்கு இவ்வளவு நேரம் ஈக்கிதா என்டு கேக்குறாங்க." ஜெஸீமா அவருடைய மனைவி. பேர்ணடெற் முட்டையப்பம் ஒன்றைத் தட்டில் வைத்தார். பாயிஸ் அதை நின்றபடியே உண்டார்.

நவம்பர் முதலாம் திகதி சனிக்கிழமையாகவே விடிந்தது. அஹ்ஸன் விளக்குகளைப் பொருத்திவிட்டார். மேசைகளில் வட்டாரத்தவர்கள் பேசி வைத்தபடி அமர்ந்திருந்தார்கள். பேர்ணடெற் முதற் சட்டியை அடுப்பில் வைக்கும்போது தொலைபேசி ஒலித்தது. மருமகன்.

"மாமி, ரொஷெலை ஆஸ்பத்திரியில விட்டிருக்கு. நாளுக்கு முன்னமே வலி தொடங்கிட்டுது. உங்களைத்தான் கேட்டு அழுறா."

பேர்ணடெற் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார். அதை மேசையில் போட்டார். பாயிஸ் வாசலை மறித்தபடி வந்தார்.

"அன்டி, அரை மணித்தியாலம். பெரியவர் பாலத்தடியில வந்துட்டார் என்டு செல்றாங்க."

"என்ட பிள்ளையின்ட வலிக்கு அரை மணித்தியாலம் நில்லெண்டு ஆர் சொல்லுறது? நீர் போய்ச் சொல்லுவீரா?"

"அடுப்ப அணைச்சா..."

"அணைக்கேல்ல. எரியுது. நான்தான் போறன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. மேசைகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாயிஸ் பக்கவாட்டில் நகர்ந்து வழிவிட்டார். சின்னராசா அதற்குள் முச்சக்கரவண்டியொன்றை மறித்திருந்தார். பேர்ணடெற் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறும்போது, ஒழுங்கையின் முகப்பில், பதாகையின் அடியில், கறுப்பு வாகனமொன்று மெல்லத் திரும்புவது தெரிந்தது.

வண்டி புறப்படுமுன் பாயிஸ் கடைவாசலுக்கு ஓடிவந்தார். பேர்ணடெற்றின் ஏப்ரன் அவர் இடுப்பில் கோணலாகக் கட்டியிருந்தது. கையில் மா வழியும் அகப்பை. பின்னால் அஹ்ஸனின் விளக்கு எரிந்தது. அவர் பேர்ணடெற்றிடம் அன்றைக்குப் பின் எதையும் கேட்டதில்லை. கடைசியாகக் கேட்டது இதுதான்:

"அன்டி, மாவ ஊத்தினதும் சட்டிய எந்தப் பக்கமாச் சுத்துற?"