மௌனச் சாமி உடையப்பன்

உடையப்பனுக்குப் பொய் சொல்ல வராது என்று அவருடைய அறையில் இருந்த ஏழு பேரும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வார்கள். அந்த நல்ல பெயரைப் பதினோரு வருஷமாக அவர் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்ததே, ஒரு நாள் மொத்தமாகச் செலவழிக்கத்தான். 2006 ஏப்ரல் பதினான்கு, வெள்ளிக்கிழமை, அந்த நாள் வந்தது.

காரைக்குடிப் பக்கத்துக்காரர். வயது நாற்பத்தாறு. துபாய் கராமாவில் மாலி என்கிற தாய்லாந்து அம்மாள் நடத்திய சின்ன ஓட்டலில் சமையல்காரர். வேலையைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: துபாய் வந்த நாளிலிருந்து ஒரு மணி நேரம்கூட அவர் தனியாக இருந்ததில்லை. ஓட்டலில் ஐந்து பேர், அறையில் எட்டுப் பேர். கட்டிலுக்கு மேலே கட்டில். குளிக்கப் போனால் கதவைத் தட்டுவார்கள். கடற்கரைக்குப் போகலாம் என்று செருப்பைத் தேடினால், கீழ்க்கட்டில் மணிமாறன் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். நல்லவன்தான். ஆனால் வாய் மூடாது. சொந்த ஊர்க்காரன் என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

தாய்லாந்துக்காரர்களுக்குச் சோங்க்ரான்தான் புது வருஷம். மாலி ஓட்டலைப் பூட்டுவது வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும். அது நம்முடைய சித்திரை முதல் தேதியோடு ஒட்டி வரும். அதனால் வருஷா வருஷம் உடையப்பனின் லீவு, அறையில் ஏழு பேருக்கு வடை பாயசத்தோடு சமைப்பதிலேயே தீர்ந்துவிடும். இந்தத் தடவை அவர் முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு, "மணி, நாளைக்கு ஓட்டல் தொறக்குதுப்பா. பார்ட்டி ஆர்டர். ஃபுல் டூட்டி" என்றார்.

"நல்ல நாள்ல கூடவாண்ணே? அந்தம்மாவுக்கு மனசாட்சியே இல்லியா?" என்று மணிமாறன் கொதித்தான்.

"என்ன செய்ய, பொழப்பு" என்று பெருமூச்சு வேறு விட்டார் உடையப்பன். அந்தப் பெருமூச்சு கொஞ்சம் அதிகம்தான்.

திட்டம் இதுதான். காலையில் ஓட்டலில் தலையைக் காட்டிவிட்டு, தெய்ராவில் ஷேர் டாக்ஸி பிடித்து, ராஸ் அல் கைமாவுக்குப் போவது. அங்கே மலையடிவாரத்தில் கத் என்ற ஊரில் வெந்நீர் ஊற்றும் பேரீச்சந்தோப்பும் உண்டு. தோப்புக்குப் பின்னால் மலைப் பக்கம் ஒரு ஈ காக்காய்கூட வராது என்று ஓட்டல் பார்சலைக் கொண்டுபோகும் ஷம்சாத் சொல்லியிருந்தான். அங்கே போய் ஒரு பாறையில் சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான். மனிதருக்கு வேறு ஆசையே இல்லை.

ஓட்டலின் பின்பக்கத்தில் சோங்க்ரான் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, உள்ளங்கையில் மல்லிகை மிதக்கும் தண்ணீரை ஊற்றி, சின்னவர்கள் ஆசி வாங்குவது அவர்கள் வழக்கம். அங்கே மூத்தவர் உடையப்பன்தான். "நல்லா இருங்கம்மா" என்று தமிழிலேயே ஆசி வழங்கினார். மரியாதை அதோடு முடிந்தது. அடுத்த நிமிஷம் ஒரு வாளித் தண்ணீர் தலையில் கொட்டியது. யாரோ மாலை போட்டார்கள். பரிமாறுகிற பெண் ஒருத்தி வெள்ளைக் களிமண் குழம்பை மூன்று விரலில் தோய்த்து அவர் நெற்றியில் குறுக்காக ஓர் இழு இழுத்தாள். அதுவும் அவர்கள் சம்பிரதாயம்தான். துடைத்தால் அதிர்ஷ்டம் போய்விடும் என்றாள் மாலி. சட்டை சொட்டச் சொட்ட நின்றவருக்கு, மேஜையில் விரிக்கிற காவி நிறத் துணியை எடுத்துத் தோளில் போர்த்தி அனுப்பிவைத்தாள்.

டாக்ஸி ஓட்டிய பட்டாணியர் கண்ணாடியில் அவரை இரண்டு தடவை பார்த்தார். "க்யா ஹை பாய் ஆஜ்?" என்று விசேஷம் விசாரித்தார். "நயா சால்", புது வருஷம் என்றார் உடையப்பன். பட்டாணியர் தலையாட்டினார். மற்றபடி உடையப்பன் கண்ணாடி எதிலும் முகம் பார்க்கவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்ட சந்தோஷத்திலேயே இருந்தார்.

கத்தில் இறங்கித் தோப்பைச் சுற்றி நடந்தார். பாறை கண்ணில் பட்டது. நிழலும் இருந்தது. இன்னும் ஐம்பது அடிதான்.

"சாமி!"

தோப்புக்குள் ஒரு கம்பெனி பஸ் நின்றது. பக்கத்தில் அடுப்பு மூட்டி முப்பது பேர் சித்திரைச் சமையலில் இருந்தார்கள். டைல்ஸ் ஃபேக்டரித் தொழிலாளர் கேம்ப்காரர்கள். அத்தனை பேரும் தமிழர்கள்!

கூப்பிட்டவர் ஃபோர்மேன் ரகுநாதன். ஓடி வந்தவர் உடையப்பனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். நெற்றியில் மூன்று பட்டை. கழுத்தில் மல்லிகை. தோளில் காவி. நாலு நாள் தாடி, ஈரத் தலை. வருஷப் பிறப்பு அன்றைக்கு, நடுப்பாலைவனத்தில்.

"சாமி எங்கேருந்து வர்றீக?"

"துபாய்லேருந்துங்க. நான் சாமியெல்லாம் இல்ல. தாய்லாந்துக்காரங்க பூசி விட்டாங்க…"

"பாத்தீகளாப்பா? தாய்லாந்து வரைக்கும் போயிட்டு வந்திருக்காரு. என்ன ஒரு அடக்கம்!" என்று ரகுநாதன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். நாலு பேர் காலில் விழுந்துவிட்டார்கள். காலில் விழுந்தவனிடம் நான் சமையல்காரன் என்று சொல்ல ஒரு தனித் தைரியம் வேண்டும். உடையப்பனிடம் அது இல்லை. அதோடு, உண்மையைச் சொன்னால் அடுப்படியில் கரண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது.

போர்வை விரித்து உட்கார வைத்தார்கள். பஞ்சாங்கம் வாசிக்கச் சொன்னார்கள். பார்த்திப வருஷம் போய் விய வருஷம் பிறக்கிறது என்பது வரைக்கும் தினசரிக் காலண்டர் புண்ணியத்தில் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் கைவசம் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்து விட்டார்.

"இந்த வருஷம் வெயில் ஜாஸ்தியா இருக்கும்."

கூட்டம் ஆமோதித்தது.

"ஆகஸ்ட் மாசம் ரூம்ல ஏசி நிக்கும்."

"ஐயோ, எங்க ரூம்ல இப்பவே நின்னு போச்சு சாமி!" என்று பின்னாலிருந்து ஒருவன் அலறினான்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? கேள்வி வரிசை பஸ் வரைக்கும் நீண்டது. என் லீவு சாங்ஷன் ஆகுமா, தங்கச்சிக்கு வரன் அமையுமா, சூப்பர்வைசர் எப்போது ஊருக்குப் போய்த் தொலைவான். கராமா அறையில் ஏழு பேருக்குப் பயந்து ஓடி வந்த மனிதர் முப்பது பேர் நடுவில் உட்கார்ந்திருந்தார். மணி இரண்டு. நாலு மணிக்குத் திரும்ப டாக்ஸி பிடித்து, டூட்டி முடிகிற நேரத்துக்கு அறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பொய் பிழைக்கும். பதினோரு வருஷம் சேர்த்து வைத்த நாள் கண்ணெதிரே கரைவதைப் பார்த்து அவருக்கு எரிச்சல் பொங்கியது. எரிச்சலில்தான் அந்த யோசனை பிறந்தது.

சட்டென்று எழுந்தார். உள்ளங்கையை உயர்த்தினார். "மௌன நேரம்" என்றார். பாறையைக் காட்டினார்.

கூட்டம் பயபக்தியோடு விலகியது. நடந்துபோகும்போது உடையப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை சுலபமா? இது முன்பே தெரிந்திருந்தால் கராமாவிலேயே நெற்றியில் பட்டை போட்டிருக்கலாமே! ஆனால் ரகுநாதன் லேசுப்பட்ட ஃபோர்மேன் இல்லை. சாமியை யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். "நான் போறேன்" என்று ஒருவர் முந்திக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். சூளையில் டைல்ஸ் அடுக்குகிற தியாகு.

பாறையில் உடையப்பன் கண்ணை மூடி உட்கார்ந்தார். பத்தடி தள்ளித் தியாகு நின்றார். இதற்குப் பெயர் தனிமையா? கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, "ஐயா, நீங்க கொஞ்சம் அந்தாண்ட போறீங்களா?" என்றார்.

தியாகு திரும்பினார். "மௌனம் கலைஞ்சிருச்சுங்களா?"

உடையப்பனுக்கு அலுத்துவிட்டது. "நான் சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஓட்டல்ல குக்கு. ஒரு நாளு தனியா இருக்கலாம்னு பொய் சொல்லிட்டு வந்தேன். விட மாட்டேங்கிறாங்களே!"

"தெரியுங்க" என்றார் தியாகு. "போர்வை விரிக்கயில பக்கத்துல வந்தனே. மல்லிப்பூவையும் தாண்டி மீன் சாஸ் வாடை. எந்தச் சாமிகிட்ட அப்படி அடிக்கும்?"

"தெரிஞ்சேதான் காவலுக்கு வந்தீங்களா? எதுக்கு?"

தியாகு தோப்பைப் பார்த்தார். யாரும் வரவில்லை என்று நிச்சயமான பிறகு பேசினார்.

"எங்கம்மா மாசியில செத்துப்போச்சுங்க. லீவு குடுக்கல. ரூம்ல பன்னண்டு பேரு, ஷிப்டு மாத்தி ஷிப்டு, எப்பவும் நாலு பேரு தூங்கிட்டிருப்பான். பாத்ரூமுக்கு வெளிய லைன்ல நிப்பான். ரெண்டு மாசமாச்சு. வாய் விட்டு அழ ஒரு எடம் கெடைக்கல. சாமிக்குக் காவல்னா இங்க எவனும் வர மாட்டான்னு நெனச்சேன். நீங்க கண்ண மூடிருப்பீங்க, நான் பாட்டுக்கு அழுதுக்கலாம்னு."

பொய் சொல்லி ஒரு நாளைத் திருடிய சாமர்த்தியமெல்லாம் அந்த நிமிஷம் உடையப்பனுக்கு வெட்கமாக இருந்தது. பாறையை விட்டு இறங்கினார். மாலையைக் கழற்றினார். காவித் துணியை எடுத்துத் தியாகுவின் தோளில் போட்டார்.

"உக்காருங்க. எவ்வளவு நேரம் வேணுமோ அழுங்க. நான் பாத்துக்கறேன்."

தோப்புப் பாதை திரும்புகிற இடத்தில், பாறைக்கு முதுகைக் காட்டியபடி வந்து நின்றார். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. ஐம்பது வயது ஆண் அழுகிற சத்தம் கேட்கச் சகிக்காது. உடையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.

அரை மணி கழித்து ரகுநாதன் இரண்டு டம்ளர் பாயசத்தோடு வந்தார். மாலையும் காவியும் இல்லாமல் வழியை மறித்துக்கொண்டு நிற்கிற சாமியைக் கண்டு திகைத்தார்.

"என்ன சாமி, நீங்க இங்க நிக்கிறீக?"

"நான் சாமி இல்லண்ணே. காவல்" என்றார் உடையப்பன். "சாமி உள்ள இருக்காரு."

ரகுநாதன் ஏதோ கேட்க வாயெடுத்தார். பாறைப் பக்கமிருந்து மறுபடி அந்தச் சத்தம் வந்தது. அது தியாகுவின் குரல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு இரண்டு டம்ளரையும் உடையப்பன் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குத் திரும்பிப் போய், சாமி எழுந்திருக்கும் வரைக்கும் வண்டி கிளம்பாது என்று டிரைவரிடம் சொன்னார்.