செட்டு மேஸ்திரி தட்டாத முட்டு

மேஸ்திரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. செட்டு மேஸ்திரி என்றால் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஒட்டிய இங்கிலீஷ் அந்த ஒரு வார்த்தைதான். அதை வைத்தே பாதி ஆயுளை ஓட்டிவிட்டார்.

ஜல்லி வரவில்லையா? "செட் பண்றேன்." வீடு கட்டுகிறவர் சண்டைக்கு வந்தாரா? "ஆளை செட் பண்ணிட்டேன்." நல்ல கொத்தனார் வெறுத்துப்போய் விலகினால், "அவன் நமக்கு செட் ஆகமாட்டான்." கூட உட்கார்ந்து குடிக்கிறவர்கள் "நம்ம செட்டு." வாசல்நிலை கோணலாகிக் கதவைச் சாத்த முடியாவிட்டால், "போகப்போக செட் ஆயிடும்." கொத்துக்கரண்டி பிடிக்கத் தெரியாத கைக்கு வாய்தான் கரண்டி. கான்கிரீட் மட்டும் அந்த வாய்க்கு மசிவதில்லை. அது இறுகுகிற நேரத்தில்தான் இறுகும்.

இவருடைய தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி தேய்ப்பவள். கூடப் பிறந்தவனாயிற்றே என்று வீடு கட்டும் வேலையை இவரிடம் கொடுத்துத் தொலைத்தாள். அன்றைக்குப் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று இன்னும் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

கூரைக்குக் கான்கிரீட் போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வேலை விட்டு வந்தவள் வாசலில் வண்டியைப் பார்த்தாள். கூரைக்குப் பலகையும் முட்டும் அடிக்கிற சென்ட்ரிங்காரர் சுத்தியலோடு அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். வேறோர் இடத்தில் கூரை போட மேஸ்திரிக்குப் பலகை போதவில்லை. தங்கை வீட்டுக் கூரையைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிடுங்க வந்துவிட்டார்.

"என்னண்ணே, அதுக்குள்ள பிரிக்கறே?"

"எல்லாம் செட் ஆயிடுச்சும்மா. நீ போய் டீ போடு."

"இதுக்குக் கீழதான் என் புள்ளைங்க படுக்கணும்."

"அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?"

"உன் மேலயா? நீ வச்ச கதவை நானும் என் வீட்டுக்காரரும் தோள் கொடுத்துல்ல சாத்தறோம்!"

சென்ட்ரிங்காரர் இருமுவதுபோல் சிரிப்பை விழுங்கினார். மேஸ்திரிக்குச் சுருக்கென்றது.

"என்னய்யா இருமல்? உள்ள போ. நடு முட்டை முதல்ல தட்டு."

தங்கை குறுக்கே வந்து நின்றாள். "அவர் எதுக்கு? அவரும் ஒருத்தி பெத்த புள்ளைதான். செட் ஆயிடுச்சுன்னு சொன்னது உன் வாய்தானே? சுத்தியலை வாங்கு. நீயே போய்த் தட்டு."

வாங்கினார். வாசற்படிவரை வீறாப்பாகத்தான் நடந்தார். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தார். இன்னும் ஈரம் கோத்திருந்த கூரை. அதன் கீழே காடுபோல முட்டுகள். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"முழங்கால் வலிம்மா. குனிய முடியல."

"நின்னு தட்டறதுக்கு எதுக்குண்ணே குனியணும்?"

"நான் தட்டறேன் மேஸ்திரி," என்றார் சென்ட்ரிங்காரர். "நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க. அது போதும்."

அதற்கும் கால் எழவில்லை. ஊரில் எத்தனையோ பேரைத் தன் கூரைகளுக்குக் கீழே குடிவைத்தவர், தான் கட்டிய வாசற்படியைத் தாண்டவில்லை. சுத்தியலை வண்டிக்குள் எறிந்துவிட்டு, தங்கச்சிக்கு வாய் நீளம் என்று முனகியபடி போனார். தங்கை கதவைத் தோளால் இடித்துச் சாத்திப் பூட்டினாள். முட்டுகள் நிற்கவேண்டிய நாள்வரை நின்றன.

அதற்குள் தெருமுனை டீக்கடையில் வேறு கதை ஓடியது. "நம்ம தங்கச்சி வீடாச்சே! ஊருக்கெல்லாம் சீக்கிரம் பிரிச்சுடுவேன், அவளுக்கு மட்டும் விட்டு வச்சிருக்கேன்," என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார். குரல் மாடிவரை கேட்டது. தங்கை அங்கே கூரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்த குழாயை அந்தப் பக்கம் திருப்பலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். வேண்டாம், நல்ல தண்ணீர். கூரைக்கே விட்டாள்.